முன் மருத்துவ உயிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்பார்களா?

மண்டபம் வாசகர்:
மீள வழியில்லாத நிலை வந்தால் தமக்குச் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டாம் என்று என் தந்தையார் முன் மருத்துவ உயில் எழுதி வைக்க விரும்புகிறார். அவசரமாக மதுரைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் அதை மதிப்பாரா?

தொண்டி செவிலியர்:
ஐயா, 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குச் சட்ட மதிப்பு அளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும் என்றது. ஆனால் ஆவணம் மட்டுமே கருவியை நிறுத்திவிடாது. நோயாளி முடிவெடுக்க இயலாதவராகி, மீட்சிக்கு வாய்ப்பில்லை என்று சிகிச்சை தரும் மருத்துவரும் வேறு இரு நிபுணர்களும் அடங்கிய குழு கருதி, இரண்டாவது குழுவும் அதை உறுதி செய்த பிறகே, நோயாளி சார்பில் இசைவு தர ஆவணத்தில் குறிக்கப்பட்டவர்களின் ஒப்புதலோடு, நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்துவிட்டுச் சிகிச்சை விலக்கப்படும். குணமாகக்கூடிய நிமோனியாவுக்கு மருத்துவர் கருவி பொருத்தினால், அது உங்கள் தந்தையாரின் விருப்பத்தை மீறியதாகாது. குடும்பங்கள் மிகவும் கலங்குவது இந்த இடத்தில்தான்.

கீழக்கரை வாசகர்:
எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தெளிவில்லாத ஆவணத்தைக் குழு ஏற்காமல் விடலாம். வளைகுடாவில் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இப்போதே தெரிவித்துவிடுங்கள், ஏனெனில் பிள்ளைகள் மாறுபட்டுப் பேசினால் மருத்துவர் தயங்குவார். மனம் மாறினால் தந்தையார் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் அதை ரத்து செய்யலாம்.