சென்னையின் தரவு மையங்கள்: தண்ணீரா, மின்சாரமா?

சிறுசேரிவாசி கேட்டது:

சிறுசேரி சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் தரவு மையங்கள் (டேட்டா சென்டர்கள்) ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுவதாலும், 2021-இல் மாநில அரசு இவற்றுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டதாலும் இது எதிர்பார்த்ததுதான். ஆனால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, எங்கள் குடியிருப்பு முழுவதும் லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்ததை மறக்க முடியவில்லை. ஒரு தரவு மையத்துக்கு நாளொன்றுக்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒருவர் லட்சக்கணக்கான லிட்டர் என்கிறார். இன்னொருவர் சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை என்கிறார்.

குளிர்காற்று:

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அதைக் கூலிங் டவரில் நீரை ஆவியாக்கி வெளியேற்றினால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகிவிடும். 10 மெகாவாட் சர்வர்கள் முழுச் சுமையில் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 லட்சம் யூனிட், அதற்கு 3.6 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி முப்பது. உப்புப் படியாமலிருக்க அவ்வப்போது வெளியேற்றும் நீர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

காற்றால் குளிரும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வைத்தால், ஒருமுறை நிரப்பிய நீர் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் மே மாதத்து 40 டிகிரி காற்றுக்குள் வெப்பத்தைத் தள்ளுவதற்குக் கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்க வேண்டும். தண்ணீரில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் கொடுக்கிறோம் என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு.

எண்ணூர்க்காரன்:

அந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியை நாங்கள் கட்டுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா. நீங்கள் சொன்ன அதே 10 மெகாவாட் மையத்துக்குக் குளிரூட்டல் முதலியவற்றையும் சேர்த்து 15 மெகாவாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 13 கோடி யூனிட் ஆகிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக ஏறக்குறைய 92,000 டன். வாயு எல்லோருக்கும் பொது, ஆனால் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் எங்கள் எண்ணூரில், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில்தான் படிகிறது. அங்கே மீன்பாடு குறைந்ததற்குச் சிறுசேரியில் யாரும் கணக்கு வைப்பதில்லை.

குளிர்காற்று:

மறுக்கவில்லை. காற்றாலை மின்சாரம் வாங்குகிறோம் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு, அது பொய்யுமல்ல. ஆனால் முப்பந்தலில் காற்று வலுப்பது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான், சர்வரோ பங்குனி நள்ளிரவிலும் ஓடுகிறது. ஆண்டு மொத்தத்தைக் கொண்டு நேர்செய்வதும் மணிக்கு மணி நேர்செய்வதும் ஒன்றல்ல. அயர்லாந்து குளிர்ந்த நாடு. அங்கேயே மின்பயன்பாட்டில் தரவு மையங்களின் பங்கு 2015-இல் 5 சதவீதமாக இருந்து, 2023-இல் 21 சதவீதமாக வளர்ந்துவிட்டது.

ஏரிக்கரை:

கழிவுநீரை யாரும் பேசவில்லையே. 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனில் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அந்த நீர் மணலி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கங்களுக்குப் போவதுபோல் தெற்கேயும் வந்தால், கூலிங் டவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, மின்சாரமும் மிச்சமாகும். நிலத்தடி நீரை உறிஞ்சித்தான் டவர் ஓட வேண்டும் என்றால், சில்லரே மேல்.

சிறுசேரிவாசி:

அனைவருக்கும் நன்றி. எங்கள் பகுதியில் வரவிருக்கும் ஒரு கட்டடம் எந்த முறையைக் கையாளப் போகிறது என்பதை எப்படி அறிவது?

ஏரிக்கரை:

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டர் முதல் கட்டுமானங்களுக்கு முன்அனுமதி கேட்கிறது. விண்ணப்பங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கும். அன்றாடத் தண்ணீர்த் தேவை, அது வரும் இடம், டீசல் ஜெனரேட்டர்கள் ஆகியவற்றை அதில் பாருங்கள். தண்ணீர் வரும் இடம் என்ற கட்டத்தை முதலில் படியுங்கள். ‘தனியார் லாரி’ என்றிருந்தால், அது எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று எழுத்துமூலம் கேளுங்கள்.