'நாக்கு எடை' வேண்டாம், 'நுகப்பாரம்' என்போம்

குழும அன்பர்களுக்குக் காட்பாடியிலிருந்து வணக்கம்.

படகை டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப் வண்டியால் நெடுந்தொலைவு இழுத்துச் செல்வோருக்கான கையேட்டைத் தமிழாக்கும் பணியில், ஒரே ஒரு சொல் ஐந்து நாள்களாக நம்மை நிறுத்தி வைத்திருக்கிறது. டிரெய்லரின் முன்முனை, இழுக்கும் வண்டியின் பின்புறக் கொக்கியைக் கீழ்நோக்கி எவ்வளவு எடையுடன் அழுத்துகிறது என்பதைக் குறிக்கும் சொல் அது. ஓர் அன்பர் 'நாக்கு எடை' என்றும், இன்னொருவர் 'இணைப்புமுனைச் செங்குத்துச் சுமை' என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது சொல்லின் பொருளில் பிழையே இல்லை. ஆனால் சாலையோரம் நிற்கும் ஓட்டுநரிடம் அதை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. சொன்னாலும் அவர் கை எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நான் முன்வைக்கும் சொல் 'நுகப்பாரம்'.

'நாக்கு எடை'யை ஏன் மறுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த எடைக்கு வழங்கும் 'டங் வெயிட்' (tongue weight) என்பதில் வரும் நாக்கு, வாயில் இருக்கும் நாக்கைப் பார்த்து நேற்று வைத்த பெயர் அன்று. குதிரையோ மாடோ பூட்டிய வண்டியில் முன்னே நீண்டிருக்கும் மரத்தை அவர்கள் நெடுங்காலமாக அப்படித்தான் அழைத்தார்கள். மோட்டார் வண்டி வந்தபோது பழைய வண்டிச் சொல்லையே புதிய இரும்புச் சட்டத்துக்கும் கொடுத்தார்கள். அதே எடையைப் பிரிட்டனில் மூக்கின் பெயரால் சொல்கிறார்கள், ஜெர்மானியர் 'தாங்குசுமை' என்ற பொருள்பட அழைக்கிறார்கள். ஆகவே அமெரிக்கர் செய்ததை நாம் பின்பற்ற வேண்டுமானால், அவர்களுடைய நாக்கை எடுத்துக்கொள்வது வழியல்ல. அவர்களைப் போல நாமும் நம் வண்டியிடம் போக வேண்டும்.

நம் வண்டியிடம் அந்தச் சொல் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் பள்ளிகொண்டாவுக்கு அருகில் நெடுஞ்சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர். சென்ற தை மாதம் நான் அங்கே இருந்தபோது, சென்னைக் கடற்கரையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அப்பால் உள்ள ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த 18 அடி ஃபைபர் படகு ஒன்று, டர்போ டீசல் பிக்கப்பின் பின்னால் வந்து நின்றது. வண்டியின் இழுவையில் ஒரு குறையும் இல்லை என்றும், வாலாஜாவைத் தாண்டி வேகம் 80-ஐத் தொட்டதிலிருந்து பின்னால் யாரோ பிடித்து ஆட்டுவதுபோல் இருக்கிறதென்றும், ஆம்னி பேருந்து ஒன்று கடந்துபோனால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகப் பார்க்கிறதென்றும் ஓட்டுநர் சொன்னார். மெக்கானிக் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. டிரெய்லரைக் கழற்றச் சொல்லி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்முனையை ஒரு கையால் தூக்கினார். அது எளிதாக எழுந்து வந்தது. "பின்பாரம் சார், நுகம் தூக்குது" என்றார்.

அவருடைய தந்தை அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். கரும்பின் தோகைப் பக்கம் வண்டிக்குப் பின்னால் நீண்டு தொங்கும் என்பதால், ஏற்றும்போதே முன்பாரம், பின்பாரம் பார்த்து அடுக்காவிட்டால் ஆலை வாசல்வரை மாடு போய்ச் சேராது. இரட்டைச் சக்கரமும் ஒற்றை அச்சும் கொண்ட மாட்டு வண்டியும், ஒற்றை அச்சுப் படகு டிரெய்லரும் இயற்பியலில் ஒன்றே. அச்சுக்கு முன்னால் கனம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் அழுந்திப் புண்ணாக்கும். பின்னால் மிகுந்தால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, நுகம் கழுத்தின் மேல் அமர்ந்திருக்கப் போதுமான சிறு பாரம் மட்டும் முன்னே இருக்க வேண்டும். அந்தச் சிறு பாரத்தைத்தான் கையேடு இத்தனை பக்கங்களில் அளக்கச் சொல்கிறது.

'அப்படியானால் முன்பாரம் என்றே சொல்லிவிடலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் வழக்கில் முன்பாரம், பின்பாரம் என்பவை வண்டியின் நிலையைச் சொல்லும் சொற்கள். பெரும்பாலும் குறையைச் சொல்லும் சொற்கள். 'வண்டி முன்பாரமாக இருக்கிறது' என்றால் பிரித்து அடுக்க வேண்டும் என்பதே பொருள். நமக்கு வேண்டியதோ கிலோவில் எழுதக்கூடிய அளவின் பெயர். நுகப்பாரம் என்று வைத்துக்கொண்டால், நுகப்பாரம் மிகுந்த நிலை முன்பாரம், குறைந்த நிலை பின்பாரம் என மூன்று சொற்களும் ஒரே குடும்பமாகப் பொருந்துகின்றன. ஏற்கெனவே புழங்கும் இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறோம், அவ்வளவே.

படகுக்கு இச்சொல் ஏன் மற்றச் சரக்குகளைவிட அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் கருத வேண்டும். படகின் எஞ்சின் தொங்குவது அதன் பின்பலகையில். எண்ணெய் கேனும் அதன் அருகிலேயே இருக்கும். அன்று வந்த படகில் எஞ்சின் 75 கிலோ, அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னால் இருந்தது. கொக்கி அச்சிலிருந்து 4 மீட்டர் முன்னால். 75-ஐ 2.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால், அந்த எஞ்சின் ஒன்றே நுகப்பாரத்தில் ஏறத்தாழ 47 கிலோவைத் தின்றுவிடுகிறது என்று தெரியும். மெக்கானிக் அதைக் கழற்றிப் படகுக்குள்ளேயே அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் கட்டினார். அதனால் இழந்த 47 திரும்பியதோடு இன்னும் 19 கிலோ கூடியது. பின்பக்கம் 2 மீட்டர் தள்ளி இருந்த 30 கிலோ எண்ணெய்க் கேனைப் பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்கு மாற்றியதில் மேலும் 15 கிலோ கிடைத்தது. 20 கிலோ அளவில் இருந்த நுகப்பாரம் 100 கிலோவை ஒட்டி வந்துவிட்டது. படகும் டிரெய்லருமாகச் சேர்ந்து 900 கிலோவுக்கு, அமெரிக்க வழக்கப்படி 10 முதல் 15 விழுக்காடு, அதாவது 90 முதல் 135 கிலோ இருக்க வேண்டும். பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு போதும் என்பார்கள். நம் கையேடு அமெரிக்க அளவைச் சொல்வதால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொக்கியில் பொறித்திருக்கும் உச்ச அளவை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் இட வேண்டும்.

டர்போவைப் பற்றி எழுதிய அன்பர், அது இவ்விவாதத்துக்குத் தொடர்பில்லாதது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டர்போ இல்லாத பழைய டீசல் வண்டி, பாரம் மிகுந்தால் முனகும், திணறும், வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு கனம் இருப்பதை அது நொடிதோறும் நினைவூட்டும். டர்போவில், வெளியேறும் புகையே ஒரு சிறு சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றி, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. அதனால் எஞ்சின் 2,000 சுற்றை எட்டும் முன்பே முழு இழுவை கிடைத்துவிடுகிறது. வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா வரையிலான சமதளத்தில், பின்னால் 900 கிலோ இருப்பதே தெரியாமல் வேகம் 90-ஐத் தொட்டுவிடும். பின்பாரமான டிரெய்லரின் ஆட்டமோ வேகத்தோடு வளர்வது. எஞ்சின் சொல்லாமல் விட்டதை ஒரு சொல்லும் ஓர் எண்ணும் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் இதற்கு இவ்வளவு மன்றாடுகிறேன். டர்போவுக்குக் 'கழிவளிச் சுழலூட்டி' என்று அந்த அன்பர் தந்த ஆக்கம் பாடநூலுக்கு மிகவும் தகும். கையேட்டில் டர்போ டர்போவாகவே இருக்கட்டும். அது பட்டறையில் வேரூன்றிவிட்டது.

எதிர்ப்புகளில் இரண்டு கனமானவை. முதலாவது, நுகம் என்றால் அடிமை நுகம் நினைவுக்கு வருகிறது என்பது. அது உருவகத்தில் பிறந்த பொருள்; 'நுகப்பாரம் 100 கிலோ' என்று எண்ணோடு வரும் இடத்தில் அந்த நிழல் விழாது. இரண்டாவது, பள்ளிப் பாடநூல்களில் நிறை, எடை, சுமை என்று வரையறுத்திருக்கும்போது பாரம் என்ற நான்காவது சொல் குழப்பும் என்பது. இதை எளிதில் தள்ள முடியவில்லை. 'நுகச்சுமை' என்றால் பாடநூலோடு ஒத்துப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாரம் ஏற்றுகிறவர்கள் பாரம் என்றே சொல்கிறார்கள். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களோடு உள்ள உறவை அறுத்துவிட்டால் நுகச்சுமை தனித்து நிற்கும் ஒரு மொழிபெயர்ப்பாகிவிடும். மாடே பார்த்திராத நகர இளைஞர் நுகத்தை எப்படி அறிவார் என்ற கேள்வியும் வந்தது. அமெரிக்க இளைஞரும் மர வண்டியைப் பார்த்ததில்லை. சொல் அவருக்குத் தடையாகவில்லை.

இதே வழியில், முன்னே நீளும் இரும்புச் சட்டத்தை 'ஏர்க்கால்' என்று எழுதியிருக்கிறேன். வண்டிக்கும் ஏருக்கும் பொதுவாக வழங்கும் சொல் என்பதால் இதில் தயக்கமில்லை. டிரெய்லர் இருபுறமும் வீசி ஆடுவதற்கு 'வாலாட்டம்' என்று ஒருவர் தந்ததை நான் ஏற்கவில்லை, அது நாயின் மகிழ்ச்சியைச் சொல்கிறது. இப்போதைக்குப் 'பின்னாட்டம்' என்று இட்டிருக்கிறேன். ஆரணி, செய்யாறு, குடியாத்தம் பக்கத்து அன்பர்கள், கரும்போ நெல்லோ ஏற்றிய பெரியவர்களிடம் கேட்டு, வண்டி இப்படிப் பக்கவாட்டில் வீசுவதற்குத் தனிச்சொல் இருந்தால் எழுதுங்கள். மேட்டில் ஏறும்போது வண்டிக்காரர் மூக்கணைக்கு வந்து அமர்ந்து பாரத்தை முன்னுக்குக் கொண்டுவருவாரே, அந்தச் செயலுக்கும் பெயர் இருந்தால் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறும் சாலையில் படகின் அடியில் தேங்கிய மழைநீர் பின்னுக்கு ஓடிப் பின்பாரமாகும் என்பதைச் சொல்லும் பத்தியில் அது பொருந்தும்.

கையேட்டின் அந்தப் பக்கத்தை இவ்வாறு திருத்தியிருக்கிறேன்:

'புறப்படுமுன் டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, படகிலுள்ள நீரை வடித்துவிட்டு, கொக்கியின் உயரத்திலேயே ஏர்க்காலின் முனையைத் தராசில் தாங்கவிட்டு நுகப்பாரத்தை அளக்கவும். வண்டி பின்பாரமாக இருந்தால் எஞ்சினையோ எண்ணெயையோ அச்சுக்கு முன்னால் மாற்றவும். முன்பாரமாக இருந்து பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்தால், முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும் என்பதால், பாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளவும். ஓட்டத்தில் பின்னாட்டம் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்கவும்.'

இதில் எந்தச் சொல் தடுக்கினாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று இப்பக்கம் அச்சுக்குப் போகிறது.