எண்ணின்ர முடிவில வாற பூச்சியங்களுக்கு ஒரு பேர் வேணும்

ரீச்சர், இணுவில்:
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல் பிள்ளையளுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் செய்யிறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும். 100 காரணியத்தின்ர, அதாவது 1 இல இருந்து 100 வரைக்கும் எல்லா எண்ணையும் பெருக்கி வாறதின்ர, முடிவில எத்தினை பூச்சியம் வரும் எண்ட கணக்குத்தான். செய்யிறது சுகம், ஒரு 2உம் ஒரு 5உம் பெருகினாத்தான் முடிவில ஒரு பூச்சியம் வரும், 2 தேவைக்கு மேல கிடக்கும், 5தான் தட்டுப்பாடு, அதால 5 இன்ர மடங்கு 20, 25 இன்ர மடங்கு 4, மொத்தம் 24. ஆனா ஒவ்வொருக்காலும் 'முடிவில தொடர்ச்சியா வாற பூச்சியங்கள்' எண்டு எழுத வசனம் இழுபடுது. வெறுமனே பூச்சியம் எண்டு விடவும் ஏலாது, 12 காரணியம் 479001600, அதில நாலு பூச்சியம் கிடக்கு, நாங்கள் எண்ணுறது கடைசி ரெண்டை மட்டும். ஒரு சொல் தாங்கோ.

மாஸ்டர், வட்டுக்கோட்டை:
ஈற்றுப்பூச்சியம். ஈற்றெழுத்து, ஈற்றடி, ஈற்றயல் எல்லாம் படிச்ச பிள்ளையளுக்கு விளக்கமே தேவையில்லை பிள்ளை. முன்னுக்கு வாறது முதற்பூச்சியம், நடுவில வாறது இடைப்பூச்சியம், மூண்டும் ஒரு வரிசையில நிக்கும். ஈறு எண்டது இறு எண்ட அடி நீண்டு வந்தது, கெடு கேடானதும் சுடு சூடானதும் பெறு பேறானதும் இப்பிடித்தான், இறுதியும் அதே அடி. இன்னொண்டு சொல்லோணும், பழைய தமிழ் எண்முறையில பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எண்டு தனித்தனிக் குறி, அதில எழுதினா முடிவில பூச்சியம் வாற பேச்சே இல்லை, அதாலதான் பழைய நூலுகளில இதுக்குச் சொல் தேடிப் பிரயோசனமில்லை, நாங்கள்தான் ஆக்கவேணும்.

தம்பி, கொழும்பு:
மாஸ்டர், ஈறு எண்டா தமிழ்நாட்டு ஆக்களுக்குப் பல்லு ஈறெல்லோ ஞாபகம் வரும்? நான் வால்பூச்சியம் எண்டு சொல்லுவன், கேட்ட உடன விளங்கும். எங்கட புறோகிராம் வேலையில 0, 1 மட்டும் வைச்சு எழுதிற துவித எண்ணுக்கும் இதே சொல் வேணும், 10 காரணியம் பத்தின் அடியில ரெண்டு பூச்சியத்தோட முடியும், துவிதத்தில எட்டு.

மாஸ்டர், வட்டுக்கோட்டை:
எங்களுக்கு அது முரசு தம்பி, ஈறில்லை. வால் எண்டா முதலுக்குத் தலைப்பூச்சியம் எண்டோ வைக்கப்போறியள்?

அண்ணை, நல்லூர்:
முன்பாதியை விட்டுட்டுப் பின்பாதியைப் பிடிச்சு நிக்கிறியள். பூச்சியம் வடசொல். சுழியம் இருக்கேக்க ஏன் இது? ஈற்றுச்சுழியம் எண்டு வையுங்கோ, புதுச்சொல் ஆக்கேக்கயாவது துப்புரவா ஆக்குவம்.

ரீச்சர், இணுவில்:
அண்ணை, எங்கட பாடப்புத்தகத்தில பூச்சியம், பிள்ளையளின்ர வாயில சைபர், அது அரபியில இருந்து வந்தது. சுழியம் எண்டு போட்டா முதல் அதைப் படிப்பிச்சுப்போட்டுத்தான் கணக்குக்கு வரோணும். மானிப்பாயில டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலயே படிப்பிச்சவர், முன்னால இருக்கிற மாணவனுக்கு விளங்கவேணும் எண்டுதான் அவரும் சொல்லுத் தேடியிருப்பார். எனக்கும் அதுதான் பெரிசு.

அண்ணை, நல்லூர்:
விளங்கிற சொல்லையே எடுத்துக்கொண்டு போனா கடைசியில சைபர்தான் மிஞ்சும். பழக்கினா பழகும்.

தம்பி, கொழும்பு:
நான் வாலை விடுறன், முதல், இடை, ஈறு எண்ட வரிசை எனக்கும் பிடிச்சுப்போச்சு. ரீச்சர், 24 காரணியத்துக்கு நாலு, 25க்கு ஆறு, ஏனெண்டா 25 இல ரெண்டு 5 இருக்கு, நடுவில அஞ்சு வாறதே இல்லை. இதையும் ஒரு கேள்வியாப் போடுங்கோ.

ரீச்சர், இணுவில்:
போடுறன், நல்ல கேள்வி. 'சரியாக 5 ஈற்றுப்பூச்சியங்களைக் கொண்ட காரணியம் உண்டா?' வசனம் எவ்வளவு கட்டையா வந்திட்டுது பாருங்கோ. இந்தப் பதிப்பு இப்பிடியே போகட்டும், முதல் வாற இடத்தில அடியில விளக்கம் குடுக்கிறன்.

அண்ணை, நல்லூர்:
அந்த விளக்கத்தில ஈற்றுச்சுழியம் எண்டும் சொல்லலாம் எண்டு ஒரு வரி சேருங்கோ. நான் இன்னும் சம்மதிக்கேல்லை.