கார்டில் பணம் கழிந்தது, கடைக்குச் சேரவில்லை: ஆலோசனை தேவை

மதுரையில் ஒரு பல்பொருள் அங்காடியில், கடந்த மாத இறுதியில், ரூ. 3,480-க்கு டெபிட் கார்டைச் செருகி ரகசிய எண்ணை அழுத்தியபோது ஸ்வைப் மெஷின் தோல்வி என்று சீட்டு அச்சிட்டது. ஆனால் பணம் கழிந்ததாக உடனே குறுஞ்செய்தி வந்தது. ரொக்கம் கொடுத்துத்தான் பொருள்களை எடுத்து வந்தேன். அன்றைய கணக்கில் அந்தத் தொகை வரவில்லை என்று கடைக்காரர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்த மட்டில் நல்ல மனிதர். செயலியிலும் கிளையிலும் புகார் அளித்தும், பரிவர்த்தனை வெற்றி என்று கூறி வங்கி புகாரை முடித்துவிட்டது. இத்தகைய தொகை ஐந்து நாள்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு விதி. இனி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகும்போது, சீட்டும் கடைக்காரரின் கடிதமும் போதுமா, அல்லது கடையின் வங்கியிடமிருந்தும் சான்று பெற வேண்டுமா?