பெரியப்பாவோட ஃபார்வர்டும் விதி 10-ம்

குழு: வீட்டு ஆளுங்க மட்டும்
ஞாயிறு, 9 பிப்ரவரி 2025

சுந்தரம் பெரியப்பா, காலை 9:12
(பலமுறை பகிரப்பட்டது)
அவசரம்!! நம் பிள்ளைகளின் தகவலைக் காக்கும் புதிய விதிகளுக்கு ஆதரவு தெரிவிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 18. கீழே உள்ளதை அப்படியே காப்பி செய்து அரசு தளத்தில் ஒட்டவும்: "நான் இந்த விதிகளை முழுமனதுடன் ஆதரிக்கிறேன்." 10 பேருக்கு அனுப்பவும்.

சுந்தரம் பெரியப்பா, 9:13
நான் போட்டாச்சு. எல்லாரும் போடுங்க

முரளி மாமா, 9:20
மச்சான், முடிவு பண்ணிட்டுதான் கருத்து கேப்பாங்க. பத்திரிகை அடிச்சப்புறம் பொண்ணுகிட்ட சம்மதமான்னு கேக்கற கதை

கலா சித்தி, 9:24
எந்த விதி அத்தான் இது? லிங்க்ல போனா ஒண்ணும் புரியல

கார்த்தி, 9:41
தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் சித்தி. சட்டம் 2023 ஆகஸ்ட்லயே வந்துடுச்சு. விதி வராததால இன்னும் நடைமுறைக்கு வரல. வரைவை ஜனவரி 3 வெளியிட்டாங்க, மைகவ்ங்கற அரசு தளத்துல கருத்து கேக்கறாங்க

கார்த்தி, 9:42
பெரிப்பா, தேதி சரிதான். ஒட்டச் சொன்ன வரிதான் பிரயோஜனம் இல்லாதது

சுந்தரம் பெரியப்பா, 9:45
ஏண்டா? நிறைய பேர் சொன்னா எடை கூடாதா

கார்த்தி, 9:53
இது ஓட்டு இல்ல பெரிப்பா. எந்த விதியில என்ன சொல்றீங்கன்னு விதி வாரியாத்தான் கேட்டிருக்காங்க. "ஆதரிக்கிறேன்"னு வந்தா படிக்கற அதிகாரி அதை எந்த விதிக்குக் கீழ வைப்பார்?
2015 டிசம்பர்ல ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), இணையத்துல தளத்துக்குத் தளம் கட்டணம் வேற வேற வைக்கலாமான்னு 4 கேள்வி கேட்டுச்சு. ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாக் குடுக்கற தன்னோட ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவா ரெடிமேட் வாசகம் குடுத்து லட்சக்கணக்குல அனுப்ப வச்சது. "நாங்க கேட்ட கேள்விக்கு இதுல பதில் இல்லையே"ன்னு ட்ராய் திருப்பிச் சொல்லிடுச்சு. 2016 பிப்ரவரி 8 அப்படிப்பட்ட கட்டணத்துக்குத் தடையே போட்டுட்டாங்க

முரளி மாமா, 9:58
அதுக்கு முன்னாடி எதிர்த்தவங்களும் ரெடிமேட் மெயில்தானே அனுப்பினாங்க? எனக்கு ஞாபகம் இருக்கு

கார்த்தி, 10:04
ஆமா மாமா, 2015 ஏப்ரல்ல. 10 லட்சத்துக்கு மேல மெயில். ஆனா அந்த மெயில்ல ட்ராய் கேட்ட 20 கேள்விக்கும் வரிசையா பதில் இருந்துச்சு. அவ்வளவு கூட்டம் சேரலேன்னா பார்லிமென்ட் வரைக்கும் விஷயம் போயிருக்காது, அதையும் ஒத்துக்கறேன்

கார்த்தி, 10:05
ஆனா கூட்டத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு அமெரிக்காவுல பாத்தாச்சு. 2017ல அதே மாதிரி விஷயத்துக்கு, அங்க ட்ராய் மாதிரி இருக்கற எஃப்சிசி கருத்து கேட்டப்ப சுமார் 2.2 கோடி வந்துச்சு. அதுல 1.8 கோடி கிட்ட போலின்னு நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021ல அறிக்கை குடுத்தாங்க. 19 வயசு காலேஜ் பையன் ஒருத்தனே 77 லட்சம் போட்டிருக்கான்!

நித்யா, 10:06
😳😳 லெஜண்ட்

கலா சித்தி, 10:06
நித்யா, ஹோம்வொர்க்

சுந்தரம் பெரியப்பா, 10:10
சரி, வரைவு தமிழ்ல இருக்கா? இங்கிலீஷ்ல 4 பக்கம் படிக்கறதுக்குள்ள கண்ணு சுத்துது

கார்த்தி, 10:17
கெஜட்ல இந்தியும் ஆங்கிலமும்தான் பெரிப்பா. இதே சண்டை 2020ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கும் வந்துச்சு. அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்கற 22 மொழியிலயும் வெளியிடுங்கன்னு டெல்லி ஹைகோர்ட் சொல்லி, கடைசித் தேதியையும் ஆகஸ்ட் 11க்குத் தள்ளிச்சு. அந்த வரைவு இன்னிக்கு வரைக்கும் இறுதியாகல. கூடவே போட்டிருக்கற விளக்கக் குறிப்பைப் படிங்க, கொஞ்சம் எளிமையா இருக்கும்

கலா சித்தி, 10:22
பிள்ளைங்களைப் பத்தி என்ன இருக்கு அதை மட்டும் சொல்லு

கார்த்தி, 10:29
விதி 10. 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களோட தகவலை ஒரு ஆப் எடுக்கணும்னா அப்பா அம்மா சம்மதம் வேணும். சம்மதம் குடுக்கறவர் நிஜமாவே பெரியவர்தானான்னும் சரிபார்க்கணும். அவரைப் பத்தி ஆப்கிட்ட ஏற்கெனவே இருக்கற அடையாள விவரத்தை வச்சோ, டிஜிலாக்கர் (ஆவணங்களை வச்சுக்கற அரசு ஆப்) மாதிரி வழியாவோ

நித்யா, 10:31
அண்ணா ஒரு டவுட். நான் 18ன்னு சொல்லிட்டா?

கார்த்தி, 10:31
?

நித்யா, 10:33
நான் மைனர்னு நானே சொன்னாதானே அம்மாகிட்ட கேப்பாங்க? எங்க கிளாஸ்ல எல்லாரும் 2001ல பொறந்தவங்கதான் 😇

கலா சித்தி, 10:34
நீயுமா

நித்யா, 10:34
பொதுவா சொன்னேன்

கார்த்தி, 10:40
நித்யா, ஓட்டை சரியா அங்கதான் இருக்கு. வரைவுல குடுத்திருக்கற உதாரணம் நாலுமே "குழந்தைன்னு தெரிவிக்கிறாள்", "என் குழந்தைன்னு அம்மா தெரிவிக்கிறார்"னுதான் ஆரம்பிக்குது. தெரிவிக்காம பொய் சொன்னா என்னன்னு இல்ல. அதை அடைக்கணும்னா பெரியவங்க உட்பட எல்லாரோட வயசையும் சோதிக்கணும், அப்ப இன்னும் நிறைய தகவல் கைமாறும்

முரளி மாமா, 10:46
18ங்கறதே அதிகம். 16 ஆக்கச் சொல்லி எழுதலாமே

கார்த்தி, 10:50
அது இங்க வேலைக்கு ஆகாது மாமா. 18 சட்டத்துலயே இருக்கு. விதியால சட்டத்தைத் திருத்த முடியாது. இப்படி எழுதற கருத்தெல்லாம் "வரம்புக்கு வெளியே"ன்னு ஓரமாப் போயிடும்

முரளி மாமா, 10:55
நல்லா எழுதினா மட்டும்? பதில் வருமா?

கார்த்தி, 11:02
தனித்தனியா வராது. விதி இறுதியானப்புறம் பேர் இல்லாம ஒரு சுருக்கம் வெளியிடறோம்னு சொல்லியிருக்காங்க. யார் என்ன எழுதினாங்கன்னு வெளியிட மாட்டாங்களாம். பயமில்லாம எழுதலாம்னு காரணம் சொல்றாங்க. எனக்கு இது பிடிக்கல. ட்ராய் வந்த கருத்தையெல்லாம் தளத்துல போட்டு, அதுக்கு எதிர்க் கருத்தும் கேக்கும். அப்பதான் எந்தக் கம்பெனி என்ன கேட்டுச்சு, கடைசில யார் பேச்சு எடுபட்டுச்சுன்னு வெளியில இருக்கறவனுக்குத் தெரியும். (2015ல மெயில் ஐடியோட சேர்த்துப் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, அது தனிக் கதை)

முரளி மாமா, 11:05
அதான் சொல்றேன். 2014லயே 30 நாள் கருத்து கேக்கணும்னு கொள்கை போட்டாங்க, அதை மீறினா கேக்க ஆளில்ல

கார்த்தி, 11:06
உண்மைதான். அது கொள்கை, சட்டம் இல்ல

முரளி மாமா, 11:14
டிஜிலாக்கராம். அதுக்கு ஓடிபி ஆதார்ல இருக்கற நம்பருக்குப் போகும். பத்து வருஷம் முன்னாடி குடுத்த நம்பர் இப்ப எத்தனை பேர்கிட்ட இருக்கு? ஃபோன் ஒண்ணே ஒண்ணு இருக்கற வீட்டுல அந்தப் பையன்தான் அம்மாவுக்கு ஓடிபியே படிச்சுக் காட்டுவான். அவனே சம்மதமும் குடுத்துப்பான்

நித்யா, 11:15
அம்மா டிஜிலாக்கரை நான்தான் திறந்து குடுத்தேன் 🙋‍♀️

கார்த்தி, 11:17
மாமா, இதையே எழுதுங்க! விதி 10க்குக் கீழ, அப்படியே. இதை டெல்லியில உக்காந்திருக்கறவர் யோசிச்சிருக்க மாட்டார்

முரளி மாமா, 11:19
நான் எழுத மாட்டேன். எனக்கு நம்பிக்கை இல்ல. கலா வேணா சேர்த்துக்கட்டும்

கலா சித்தி, 11:48
எழுதிப் பாத்தேன். சரியா இருக்கா பாருங்க:
"விதி 10. பிள்ளை தன் வயதை மறைத்தால் என்ன செய்வது என்று வரைவில் இல்லை. ஒரே கைபேசி உள்ள வீடுகளில் ஓடிபி பிள்ளையின் கைக்கே வருகிறது. எனவே பெற்றோர் சம்மதம் பெயரளவில்தான் இருக்கும். டிஜிலாக்கர் பயன்படுத்தத் தெரியாத பெற்றோர் நேரில் சென்று சம்மதம் தர ஒரு வழி வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும்."

கார்த்தி, 11:52
சூப்பர் சித்தி. கடைசி வரி சட்டத்துலயே இருக்கு, அதை எடுத்துடலாம். மத்ததை மாத்தாதீங்க

சுந்தரம் பெரியப்பா, 11:55
நான் இதை காப்பி பண்ணி ஒட்டலாமா

கார்த்தி, 11:55
பெரிப்பா 🙏 உங்க வார்த்தைல. பேங்க்ல இருந்தப்ப மைனர் அக்கவுண்டுக்கு கார்டியன்கிட்ட என்னென்ன வாங்குவீங்க, அதை எழுதுங்க

சுந்தரம் பெரியப்பா, 11:58
அதுவா? அது நிறைய இருக்கே

முரளி மாமா, 12:06
🎤 வாய்ஸ் மெசேஜ் (4:37)

கலா சித்தி, 12:07
என்னண்ணா இது

முரளி மாமா, 12:08
நேரில் சம்மதம்னு சும்மா எழுதிட்ட. எந்த ஆபீஸ்ல, யார் வாங்குவாங்க, ரசீது உண்டா, எல்லாம் சொல்லணும். சொல்லியிருக்கேன்

கலா சித்தி, 12:09
நாலரை நிமிஷத்தை நான் எப்ப கேட்டு எப்ப எழுதறது? டைப் பண்ணி அனுப்புங்கண்ணா

நித்யா, 12:09
விடும்மா, நான் டைப் பண்றேன்