டிரைவரா, கரண்டா? காரைக்குடியிலிருந்து ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருஷமாக நன்றாக ஓடிய கேமிங் கம்ப்யூட்டர் ஒரு மாதமாகப் படுத்துகிறது. விளையாட ஆரம்பித்து இருபது நிமிடத்தில் திரை கறுத்துவிடும். ஹெட்போனில் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சில விநாடியில் படம் திரும்பும், கேம் மூடியிருக்கும். விண்டோஸின் பிழைக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் அதே 4101, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது என்ற குறிப்பு. கிராபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மறுபடி கிளப்பிவிடும் என்பது தெரியும். ஏன் பதில் தரவில்லை என்பதுதான் பிடிபடவில்லை.

நெட் கேபிளைக் கழற்றி, சேஃப் மோடில் டிடியு (டிரைவரை அடியோடு நீக்கும் மென்பொருள்) ஓட்டி, பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு முந்தைய பதிப்பைப் போட்டேன். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் மறுபடி அதே கதை. கார்டின் சூடு 72 டிகிரியைத் தாண்டவில்லை.

இப்போது என் சந்தேகம் கரண்ட் மேல். எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. கம்ப்யூட்டர் இருப்பது வளவை (உள்முற்றப் பகுதியை) ஒட்டிய அறையில். வயரிங் அப்பத்தா காலத்தது. பின்கட்டில் கிரைண்டர் போட்டால் அறை விளக்கு ஒரு கணம் மங்குகிறது. அப்புறம், கார்டின் இரண்டு 8 பின் பவர் சாக்கெட்டிலும், பவர் சப்ளையிலிருந்து வரும் ஒரே கேபிளின் இரண்டு தலைகளைத்தான் சொருகியிருக்கிறேன்.

முதலில் தனித்தனிக் கேபிள் போடுவதா, 650 வாட் பவர் சப்ளையை மாற்றுவதா, யுபிஎஸ் வாங்குவதா? இதைச் சரிசெய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தம்பி அனிமேஷன் பழகுவதும் இதில்தான், அவன் வேலை பாதியில் நிற்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாரிடமாவது உபரி பவர் சப்ளை இருந்தால் ஒரு நாள் கொடுங்கள்; நானே வந்து வாங்கி, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.