பிக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கடலூரிலிருந்து:

ஐயா, வணக்கம். பழைய பொம்மைகளைத் தேடிப்பிடித்து விற்கும் அமெரிக்க ரியாலிட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 2012இல் டிராவல் சேனலில் தொடங்கிய டாய் ஹண்டர்தான் மையம். ஹிஸ்டரி சேனலின் அமெரிக்கன் பிக்கர்ஸும் துணைக்கு வரும். வின்டேஜ் (பழைய காலத்தது), பிக்கர் (பழைய பொருள்களைத் தேடி வாங்கி விற்பவர்), ஃபிளிப்பிங் (வாங்கியதை லாபத்துக்கு விற்பது), மின்ட் இன் பாக்ஸ் (பெட்டி திறக்காத புதுப்பொருள்) ஆகிய சொற்களில் மாட்டிக்கொண்டேன். இப்போதைக்குத் தொல்பொம்மை, வேட்டையர், மறுவிற்பனை, புதுக்குலையாப் பெட்டி என்று போட்டு வைத்திருக்கிறேன். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்று படிக்கிறவருக்கும் புரிய வேண்டும். நம் சொல்லாக்கக் குழுவினர் கருத்துச் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து:

தம்பி, ‘தொல்பொம்மை’ வேண்டாம். ‘தொல்’ என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அகழாய்வு நடந்த அரிக்கமேடுதான் நினைவுக்கு வரும். சட்டமும் இடிக்கும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி ஒரு பொருளுக்கு நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். சுவடிக்கு மட்டும் 75 போதும். அமெரிக்காவின் கென்னர் கம்பெனி செய்த ஸ்டார் வார்ஸ் திரைப்படப் பொம்மைகள் கடைக்கு வந்ததே 1978இல்தான். அதைத் தொல்பொருள் கணக்கில் சேர்க்க முடியாது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்கிறவர் இதை எப்படிச் சொல்கிறார்? “அந்தக் காலத்து சாமான் சார்.” அதையே எடுத்துக்கொண்டு ‘அந்தக்காலப் பொம்மை’ என்று எழுதுங்கள். கொஞ்சம் இறுக்கமாக வேண்டுமென்றால் ‘அக்காலப் பொம்மை’.

பிக்கரை நேராகத் தமிழாக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘அமெரிக்கப் பொறுக்கிகள்’ என்று தலைப்பு வைத்தால் கட்டுரைக்கு வாசகர் குவிவார்கள், ஆனால் வேறு எதையோ எதிர்பார்த்து வருவார்கள். வேட்டையர் பரவாயில்லை. ஆனாலும் நிகழ்ச்சியைக் கவனித்துப் பாருங்கள். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கதை கேட்பது, பரணிலும் நிலவறையிலும் பெட்டி பெட்டியாகப் பிரிப்பது, அப்புறம் பேரம். பாதி நேரம் இதிலேயே போகிறது. இதில் வேட்டை எங்கே? அது சேனல்காரர்கள் பரபரப்புக்காக வைத்த பெயர்.

என் பரிந்துரை ‘தேட்டம்’. தேடுவதும் அதுதான், தேடிச் சேர்த்த பொருளும் அதுதான். யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில், திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்த சொத்தைத் ‘தேடிய தேட்டம்’ என்பார்கள். தேடலையும் சம்பாத்தியத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் வார்க்க வேண்டும்? பொம்மைத் தேட்டம், தேட்டாளர்.

ஃபிளிப்பிங்குக்கு மறுவிற்பனையே இருக்கட்டும். யாராவது ‘புரட்டல்’ என்று ஆரம்பித்தால் இப்போதே தடுத்துவிடுங்கள்.

மின்ட் இன் பாக்ஸுக்கு ‘புதுக்குலையா’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் சந்தையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘பிரிக்காதது’ என்பார்கள். இந்தத் தொழிலில் விலை நிற்பதே இதன் மேல்தான். அதனால் மூன்றாகப் பிரிக்கலாம்: பெட்டியே திறக்காதது ‘பிரிக்காதது’, திறந்தும் பெட்டி கைவசம் இருப்பது ‘பெட்டியோடு’, பொம்மை மட்டும் என்றால் ‘உதிரி’. பூக்கடைக்காரர் சொல்லும் அதே உதிரிதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1977 கிறிஸ்துமஸுக்குள் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைச் செய்து முடிக்கக் கென்னரால் முடியவில்லை. அதனால் பொம்மையே இல்லாத அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சான்றிதழ் இருக்கும். அதை அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். இன்று சேகரிப்பாளர்கள் அந்த உறையையும் தேடி அலைகிறார்கள். பொம்மையே இல்லாத இதை எந்த வகையில் சேர்ப்பது?

போலியையும் மறந்துவிட வேண்டாம். ஸ்டார் வார்ஸில் வரும் ஜாவா என்ற குட்டி உருவத்தின் பொம்மைக்கு முதலில் பிளாஸ்டிக் மேலங்கி போட்டு, சீக்கிரமே துணிக்கு மாற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் மேலங்கிக்கு விலை ஏறியதும், வேறு பொம்மையின் அங்கியை வெட்டிப் போட்டு ஏமாற்றுகிறவர்கள் கிளம்பினார்கள். ஆனால் பொம்மையின் தொலைந்த துப்பாக்கிக்குப் பதிலாகப் புதிதாக வார்த்துத் தருவதில் மோசடி இல்லை, அதைச் சொல்லி விற்கும் வரை. அதற்கு ‘மறுவார்ப்பு’ என்று தனிச்சொல் இருக்கட்டும். இரண்டையும் போலி என்று ஒரே சாக்கில் கட்டக் கூடாது.

கடலூரிலிருந்து:

ஐயா, உதிரி அருமை, அப்படியே எடுத்துக்கொண்டேன். மறுவார்ப்பும் சரி. ஆனால் தேட்டத்தில் ஒரு சிக்கல். எங்கள் பக்கம் ‘தேட்டை போட்டுட்டான்’ என்றால் திருடிவிட்டான் என்று பொருள். தேட்டாளரைப் பொம்மை திருடன் என்று நினைத்துவிட மாட்டார்களா?

இன்னொன்று, உதாரணங்கள் எல்லாமே அமெரிக்காவாக இருக்கின்றன. 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் என்ற இந்தியப் பொம்மைக் கம்பெனி, ஜி.ஐ.ஜோ என்ற அமெரிக்க ராணுவ வீரர் பொம்மைகளை இங்கேயே தயாரித்தது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறக்கலவையில் பல வந்ததால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள். என் அலமாரியில் இருந்த ஒன்றைப் போன வாரம் எடுத்தேன். இடுப்புக்கு மேலே ஒரு துண்டு, கால்கள் ஒரு துண்டு. உள்ளே மேலுடலையும் காலையும் இழுத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம் நம் ஊர் வெயிலில் இற்றுப்போயிருக்கிறது. கட்டைவிரலும் இல்லை, அது துப்பாக்கியைத் திணிக்கும்போது எப்போதோ போயிருக்கும். இதை உதிரி என்பதா, உடைசல் என்பதா?

புதுச்சேரியிலிருந்து:

வளையம் மட்டும் போனது உதிரிதான் தம்பி. புது வளையம் போட்டால் நிமிர்ந்து நிற்கும். கட்டைவிரல் போனால் உடைசல், விலையும் அதற்கேற்ப இறங்கும். ஃபன்ஸ்கூலைக் கட்டாயம் சேருங்கள், முடிந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

தேட்டை விஷயம் நியாயமானதுதான். ஆனால் கட்டுரையில் முதன்முறை ‘பழம்பொருள் தேட்டாளர்’ என்று முழுசாக எழுதிவிட்டால் குழப்பம் வராது, பிறகு வெறும் தேட்டாளர் போதும். திருட்டு வாடைக்குப் பயந்து நல்ல சொல்லை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

எனக்கு அதைவிட உறுத்துவது ரியாலிட்டி. ‘மெய்ம்மை நிகழ்ச்சி’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்பாரற்ற கிடங்கு அறைகளை ஏலம் எடுக்கும் ஸ்டோரேஜ் வார்ஸில், விலைமதிப்புள்ள பொருள்களைத் தயாரிப்பாளர்களே முன்கூட்டி வைத்துவிடுகிறார்கள் என்று அதில் பங்கேற்ற ஒருவரே 2012இல் வழக்குப் போட்டார். பின்னர் சமரசம் ஆனது. அப்படியிருக்க அதற்கு மெய்ம்மை என்று நாமே சான்றிதழ் கொடுக்க வேண்டுமா? ரியாலிட்டி என்றே விட்டுவிடுங்கள், அந்தப் பொறுப்பு அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

அப்புறம், பொம்மையின் நிலையைச் சோதித்து மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் மூடித் தருகிறார்களே, அந்த கிரேடிங்குக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ‘தரமதிப்பீடு’ எனக்குப் பிடிக்கவில்லை, அலுவலகக் கோப்பு நெடி அடிக்கிறது. வேறு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.